பற்றுநீரும் தங்குநீரும்: பால் புரதத்தின் நீருக்கு இரு சொற்கள்

அன்புடையீர், வணக்கம்.

பால் புரதம் நீரைத் தன்னோடு வைத்துக்கொள்ளும் இயல்புக்கு ‘நீரேற்றம்’ என்ற சொல்லே போதும் என்று ஒருவர் எழுதியிருந்தார். ‘நீர்ப்பிடிப்பு’ இன்னும் எளிது என்றார் மற்றொருவர். இரண்டையும் ஏற்க என்னால் இயலவில்லை. இங்கே ஒரு சொல்லுக்குப் பதில் இரண்டு சொற்கள் தேவை என்பதே என் கருத்து. கொடைக்கானலில் சிறிய அளவில் பாலாடைக்கட்டி செய்து வருகிறேன். மேல்மலை ஊர்களிலிருந்து பசும்பாலும் கீழ்மலையிலிருந்து வெள்ளாட்டுப் பாலும் வருகின்றன. உடன் வேலை செய்வோருக்காகத் தமிழில் ஒரு கையேடு எழுதத் தொடங்கியபோது, நான்காம் பக்கத்திலேயே இந்தச் சொல் இல்லாமல் நின்றுவிட்டேன்.

‘நீரேற்றம்’ என்றதும் நம் மக்கள் நினைப்பது கீழிருந்து மேலே நீரை இறைக்கும் நீரேற்று நிலையத்தை. பள்ளியில் வேதியியல் படித்தவர்களுக்கு நீரேறிய உப்பும் நினைவுக்கு வரும். ஆனால் மயில்துத்தத்தில் ஒரு மூலக்கூற்றுக்கு ஐந்து நீர் மூலக்கூறுகள் என்று எண்ணிச் சொல்லிவிடலாம்; பால் புரதத்தில் அப்படி எண்ணிச் சொல்லத்தக்க கணக்கு கிடையாது. ‘நீர்ப்பிடிப்பு’ என்ற சொல்லோ எங்கள் மலையில் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. வரதமாநதி, மருதாநதி அணைகளின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் மழை என்று நாளிதழில் படிப்பவரிடம், பாலுக்குள்ளும் நீர்ப்பிடிப்பு உண்டு என்றால் குழப்பமே மிஞ்சும்.

சொல்லை விட்டுப் பொருளுக்கு வருகிறேன். பசும்பாலின் புரதத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு கேசீன். அது பாலில் தனித்தனி இழைகளாகக் கரைந்து கிடப்பதில்லை. கால்சியம் பாஸ்பேட்டின் மிக நுண்ணிய துகள்கள் இடையிடையே பிணைக்க, ஆயிரக்கணக்கான கேசீன் மூலக்கூறுகள் கூடி நுண்திரள்களாக மிதக்கின்றன. ‘மிசெல்’ என்று பாடநூல்கள் சொல்வதையே நுண்திரள் என்கிறேன். இந்தத் திரள் நெருங்கிய உருண்டை அன்று. கடற்பஞ்சு போல உள்ளே இடைவெளி நிறைந்தது, அந்த இடைவெளி முழுவதும் நீர். அதன் மேற்பரப்பில் கேசீன் வகைகளில் ஒன்றான கப்பா-கேசீனின் நீரை விரும்பும் முனைகள் மயிரிழைகளாக நீட்டிக்கொண்டு நிற்பதால்தான், ஒரு திரள் மற்றொன்றோடு ஒட்டாமல் பால் பாலாக இருக்கிறது.

இங்கே நீர் இரு வகையாக இருக்கிறது. புரதத்தின் மின்னூட்டம் பெற்ற பகுதிகளோடு நேராக ஒட்டியிருப்பது ஒன்று. ஒரு கிராம் புரதத்துக்கு அரை கிராம் அளவே அது தேறும். திரளின் இடைவெளிகளில் குடியிருப்பது மற்றொன்று. பாலை விரைவாகச் சுழற்றித் திரள்களை அடியில் படியவைத்து அளந்தால், ஒரு கிராம் புரதத்தோடு மொத்தம் இரண்டு கிராமை ஒட்டிய நீர் வருகிறது. பாலின் பாகுநிலையிலிருந்து, அதாவது அது எவ்வளவு தடித்து ஓடுகிறது என்பதிலிருந்து கணக்கிட்டால், மேலிழைகளோடு சேர்ந்து நகரும் நீரும் உட்பட, அது மூன்று கிராமுக்கும் மேலே போகிறது. எந்த நீரை அளந்தோம் என்று சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்வதில் பயனில்லை. முதல் வகையைப் பற்றுநீர் என்றும் இரண்டாம் வகையைத் தங்குநீர் என்றும் அழைக்கலாம் என்பது என் முன்மொழிவு.

பசுவுக்கும் ஆட்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்ல முயலும்போது இந்தப் பிரிவு உடனே கைகொடுக்கிறது. ஆட்டுப்பாலின் நுண்திரள் சராசரியாகப் பெரியது. கால்சியமும் பாஸ்பேட்டும் அதில் மிகுதி. ஆனால் அது கொள்ளும் நீர் சற்றுக் குறைவு, பசும்பாலில் ஒரு கிராம் புரதத்துக்கு 1.9 கிராம் என்றால் இதில் ஏறத்தாழ 1.8. நீர் குறைவு என்றால் கட்டி இறுகி இருக்குமே என்று கேட்கத் தோன்றும். உண்மையில் ஆட்டுப்பால் கட்டி நெகிழ்ந்து உடைகிறது. எங்களிடம் வேலை செய்யும் அக்கா ஒருவர், “இது கையில நிக்காது” என்பார். ஆல்ஃபா-எஸ்1 என்னும் கேசீன் பல ஆடுகளின் பாலில் குறைந்திருப்பது அதற்கு ஒரு முதன்மைக் காரணம். திரளுக்குள் இருக்கும் பற்றுநீரும் தங்குநீரும் வேறு. உறைந்த கட்டியின் வலைக்குள் சிக்கிய நீர் வேறு. ஒரு லிட்டர் பசும்பாலில் சுமார் 26 கிராம் கேசீன்; அதன் திரள்கள் கொள்ளும் நீர் ஐம்பது கிராம் அளவே, மொத்த நீரோ தொள்ளாயிரம் கிராமை நெருங்கும். ‘நீர்ப்பிடிப்பு’ என்று பொதுவாகச் சொன்னால் இந்த வேறுபாடு முழுவதும் அழிந்துபோகும்.

‘கட்டுண்ட நீர்’ என்று எழுதும் வழக்கமும் உண்டு. கட்டுண்டது என்றால் இனி அசையாது என்று பொருள்படுகிறது. பற்றுநீரின் ஒவ்வொரு மூலக்கூறும் நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் இடம்விட்டு வெளியேற, வேறொன்று அங்கே வந்து அமர்கிறது. பற்றுநீர், தங்குநீர் இரண்டும் ஊறுகாய் போல வினைத்தொகை. பற்றிய, பற்றுகின்ற, பற்றும் என முக்காலமும் அதில் அடங்கும். ஓயாமல் ஆள் மாறும் நீருக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லமைப்பு கிடைப்பது அரிது.

‘உறைநீர்’ என்றும் சிந்தித்தேன். உறைதல் என்பதற்கு வாழ்தல் என்ற பொருள் உண்டு, பாலுக்கு உறை ஊற்றுவதும் நினைவுக்கு வருகிறது, அழகான சொல்தான். ஆயினும் சனவரியில் உறைபனி விழும் ஊரில் அதைப் பனிக்கட்டி என்றே எடுத்துக்கொள்வார்கள். மனமில்லாமலே கைவிட்டேன்.

தயிரிலும் பாலாடைக்கட்டியிலும் கசிந்து வெளியேறும் நீருக்கு வீட்டுப் பேச்சிலேயே சொல் இருக்கிறது: “தயிர் தண்ணி விட்டிருச்சு.” அதிலிருந்து விடுநீர் என்று எடுக்கலாம். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. ஆனாலும் 70 டிகிரியைத் தாண்டி நீடித்த சூட்டிலேயே பால் உறைந்தபின் பிரியும் தெளிநீரில் உள்ள புரதமான பீட்டா-லாக்டோகுளோபுலின் குலைந்து கப்பா-கேசீனோடு சேர்ந்துவிடுவதால், நன்றாகக் காய்ச்சிய பாலின் தயிர் இங்கும் விடுநீர் குறைந்து கெட்டியாகவே அமைகிறது. பாலாடைக்கட்டிக்கு விடுநீர் வேண்டும். ஆகவே அந்தப் பாலை நாங்கள் அவ்வளவு காய்ச்சுவதில்லை.

மண்ணியலில் ‘தங்குநீர்’ வேறு பொருளில் ஏற்கெனவே நிலைபெற்றிருந்தால், துறையறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன். அப்படியானால் ‘உள்தங்கு நீர்’ என்று மாற்றிக்கொள்ள அணியமாக இருக்கிறேன். பற்றுநீரை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.