எழுப்புதல் கூட்டம் முடிந்த மறுவாரமே எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறதே, ஏன்?

வாலிப விசுவாசி:
விசுவாசத்தில் புது உயிர் வரவேண்டும் என்று எங்கள் சபையில் வருஷா வருஷம் மூன்று நாள் எழுப்புதல் கூட்டம் போடுகிறோம். வெளியூர் ஊழியர், புது மியூசிக் டீம், தெருமுனை வரைக்கும் ஸ்பீக்கர். அந்த மூன்று நாளும் எல்லாரும் அழுகிறார்கள், நானும்தான், தேவ பிரசன்னம் இறங்கியதாகவே தோன்றும். அடுத்த ஞாயிறு பார்த்தால் கமிட்டியில் அதே சண்டை, முகம் பார்த்து ஸ்தோத்திரம் சொல்லாத அதே ஆட்கள். 2023-இல் அமெரிக்காவில் அஸ்பரி என்ற கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் நடந்த எழுப்புதலை வீடியோவில் பார்த்ததிலிருந்து இது உறுத்துகிறது. அங்கே அப்படி என்ன செய்தார்கள்?

கென்டக்கி தமிழன்:
பிரதர், பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. அஸ்பரி இருக்கும் வில்மோர் சின்ன ஊர். பிப்ரவரி 8, புதன்கிழமை வழக்கமான சாப்பல் (வளாக ஆலய) ஆராதனை. பிரசங்கம் செய்தவரே அன்றைக்குச் சரியாக அமையவில்லை என்று நினைத்துக்கொண்டுதான் கிளம்பினார். கொஞ்சம் மாணவர்கள் மட்டும் ஜெபித்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார்கள், அது இரண்டு வாரம் நீண்டது, வந்து போனவர்கள் 50,000-க்கும் மேல் என்கிறார்கள். பேர்போன ஊழியர்கள் வந்தபோதும் மேடை கொடுக்கவில்லை. கடைசியில் ஊர் தாங்காது என்று பல்கலைக்கழகமே பொது ஆராதனையை முடித்துக்கொண்டது. நம்ம ஊரில் இவ்வளவு கூட்டம் சேர்ந்தால் நிறுத்துவோமா, அடுத்த மாதத்துக்கும் சேர்த்துப் பந்தல் போடுவோம்! 1970-இல் அதே மண்டபத்தில் 185 மணி நேரம் விடாமல் நடந்ததே, அதுவும் அன்றைக்குப் பிரசங்கத்துக்குப் பதிலாகச் சாட்சி சொல்ல விட்டதில் ஆரம்பித்ததுதான்.

பழைய ஏடு:
இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். 1904-இல் பிரிட்டனின் வேல்ஸில் எழுப்புதல் வந்தபோது அதில் முன்னின்ற ஈவான் ராபர்ட்ஸுக்கு 26 வயது, சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அவர் திரும்பத் திரும்பச் சொன்னது நான்கே காரியம்: தெரிந்த பாவத்தை அறிக்கை செய், சந்தேகமான பழக்கத்தை விடு, ஆவியானவர் சொன்னால் உடனே கீழ்ப்படி, கிறிஸ்துவை வெளிப்படையாக அறிக்கையிடு. சுமார் ஒரு லட்சம் பேர் மனந்திரும்பியதாகச் சொல்கிறார்கள். ஆனால் 1906-க்குள் அவர் உடலும் மனமும் ஓய்ந்து ஒதுங்கிவிட்டார், அன்று நிரம்பி வழிந்த சாப்பல்கள் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன. அதற்காக அது பொய் என்று சொல்ல மாட்டேன், 1905-இல் மேகாலயாவின் காசி (Khasi) மலையிலும், புனே பக்கம் பண்டித ரமாபாய் நடத்திய முக்தி மிஷனிலும் எழுப்புதல் வந்ததற்கு வேல்ஸ் செய்தியும் ஒரு தூண்டுதல். ஒரே ஆளின் தலையில் எல்லாவற்றையும் ஏற்றினால் அவர் தாங்க மாட்டார், அவ்வளவுதான்.

நெல்லைச் சீமை:
எல்லாரும் கடல் தாண்டியே போகிறீர்களே! 1860-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கிறிஸ்தியான்பேட்டையில் தமிழ் ஊழியரான அருளப்பன் ஐயா ஊழியத்தில் எழுப்புதல் வந்தது, வேல்ஸுக்கு 44 வருஷம் முன்னால். வெள்ளைக்கார மிஷனரி யாரும் தலைமை தாங்கவில்லை, ஐயா மிஷன் சம்பளமும் வாங்கவில்லை. ஜனங்கள் பாவத்தை நினைத்துக் கதறினார்கள், அந்நிய பாஷை (ஆவியில் நிறைந்து பேசும் புரியாத மொழி), தரிசனம் எல்லாம் இருந்தது, அதைப் பார்த்து முகம் சுளித்தவர்களும் உண்டு. அதனால் அழுகையையே போலி என்று தள்ளிவிடாதீர்கள் தம்பி. அழுதவர் மறுநாள் யார் வீட்டுக்குப் போய்ச் சமாதானம் பேசினார் என்று மட்டும் கேளுங்கள்.

வாலிப விசுவாசி:
சரி ஐயா, புரிகிறது. ஆனால் இதைப் பாஸ்டரிடம் எப்படிச் சொல்வது? குறை சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்வார்.

நெல்லைச் சீமை:
கூட்டத்தை நிறுத்தச் சொல்லாதீர்கள். நான்காவது நாள் சாயங்காலம் ஒன்று கேளுங்கள், பிரசங்கம் இல்லாமல், பாட்டும் ஜெபமும் மட்டும், ஸ்பீக்கரை உள்ளே திருப்பி வைத்து. யூடியூப் லைவ் கண்டிப்பாக வேண்டாம், பாவ அறிக்கை ஊருக்குப் போடும் வீடியோ இல்லை, யாருக்குத் தப்பு செய்தோமோ அவரிடம் சொன்னால் போதும். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் நடுவில் எழுந்து போகலாம் என்று முதலிலேயே அறிவித்துவிடுங்கள்.