ராணுவ டிஸபிலிட்டி (இயலாமை) பென்ஷன்: “பணிக்கும் நோய்க்கும் தொடர்பில்லை” என்று மறுத்துவிட்டார்கள், இனி என்ன செய்யலாம்?

கேள்வி: களக்காடு மருமகன்

என் மாமனார் தரைப்படையில் ஹவில்தாராக இருந்து 2019 ஆகஸ்டில் சர்வீஸ் முடித்து வந்தவர். 2014-இல் ரத்தக் கொதிப்பு இருப்பது தெரிந்து லோ மெடிக்கல் கேட்டகரியில் (உடல் தகுதி குறைந்தவர் பட்டியலில்) வைத்தார்கள். ரிலீஸ் மெடிக்கல் போர்டு (பணி முடிக்கும்போது பரிசோதிக்கும் மருத்துவக் குழு) இயலாமை 30 சதவீதம், ஆயுள் முழுக்க என்று எழுதியிருப்பதாகச் சொல்கிறார். ஆனால் ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் (படைவீரர் ஆவணங்களை வைத்திருக்கும் ராணுவ அலுவலகம்) கடிதத்தில், “பணியால் வந்ததும் இல்லை, பணியால் கூடியதும் இல்லை, பீஸ் ஸ்டேஷனில் (அமைதிப் பகுதியில்) தொடங்கியது” என்று போட்டு மறுத்துவிட்டார்கள். சர்வீஸ் பென்ஷன் மட்டும் வருகிறது. அப்பீல் எதுவும் போடவில்லை. ஆறு மாதம் தாண்டிவிட்டது, இனி நடக்காது என்கிறார்கள் ஊரில். வள்ளியூர்ப் பக்கம் ஒருவர், நிலுவைப் பணத்தில் பாதி தந்தால் வாங்கித் தருகிறேன் என்கிறார். கையில் மறுப்புக் கடிதமும் டிஸ்சார்ஜ் புத்தகமும் தவிர வேறு பேப்பர் இல்லை. எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பதில்: பாளை அண்ணாச்சி

தம்பி, பாதிப் பணம் கேட்கிறவரிடம் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று மாமாவிடம் முதலில் சொல்லுங்கள். ஒரிஜினல் பி.பி.ஓ.வையும் (பென்ஷன் உத்தரவு) டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் யாரிடமும் கொடுக்காதீர்கள்.

இந்த மாதிரி வழக்கின் உயிர் ஒரே ஒரு பேப்பரில் இருக்கிறது. ரிலீஸ் மெடிக்கல் போர்டு ப்ரொசீடிங்ஸ், அதாவது ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16 படிவம். அது இல்லாமல் அப்பீல் எழுதினால், “நாட்டுக்கு உழைத்தேன், கருணை காட்டுங்கள்” என்றுதான் எழுத வரும். அதற்கு அங்கே மதிப்பில்லை. மறுத்த காரணம் தப்பு என்று காட்ட வேண்டும், காரணம் அந்தப் படிவத்தில்தான் இருக்கிறது.

ரெக்கார்ட்ஸ் ஆபீஸின் தகவல் அலுவலருக்கு மாமா பெயரிலேயே ஆர்.டி.ஐ. போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், ஆன்லைனிலும் கட்டலாம், 30 நாளில் பதில் வர வேண்டும். சர்வீஸ் நம்பர், அடையாள அட்டை நகல் சேருங்கள். நான்கு விஷயம் கேளுங்கள்: படையில் சேர்ந்தபோது எடுத்த மருத்துவப் பரிசோதனைப் படிவம், ரிலீஸ் மெடிக்கல் போர்டு ப்ரொசீடிங்ஸ் முழுவதும், கோரிக்கையை மறுத்த அதிகாரி எழுதிய குறிப்பு, பணியாற்றிய இடங்களின் பட்டியல். “என் ஃபைல் வேண்டும்” என்று மொத்தமாகக் கேட்டால் இரண்டு பக்கத்தை அனுப்பி முடித்துவிடுவார்கள்.

படிவம் வந்ததும் முதல் பகுதியைப் பாருங்கள். எந்த வருடம் எந்த ஊரில் இருந்தார் என்று அட்டவணை இருக்கும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே பீஸ் என்றால் ‘பி’, ஃபீல்டு (களப் பகுதி) என்றால் ‘எஃப்’ என்று போட்டிருப்பார்கள். 2014-க்கு முந்தைய வரிகள்தான் முக்கியம். கொதிப்பு ஒரு நாளில் வருவதில்லை. காஷ்மீரிலோ உயர் மலைப் பகுதியிலோ இரண்டு மூன்று வருடம் இருந்துவிட்டு பீஸ் ஸ்டேஷனுக்கு வந்த ஆறாவது மாதம் கண்டுபிடித்திருந்தால், “பீஸில் தொடங்கியது” என்பது கண்டுபிடித்த தேதியை மட்டுமே சொல்கிறது. ராணுவ மருத்துவ அதிகாரிகளுக்கான 2008 வழிகாட்டியின் 43-ஆம் பத்தியே ஃபீல்டு, உயர் மலை, தீவிரவாத எதிர்ப்புப் பகுதிகளில் வந்த ரத்தக் கொதிப்பைப் பணியால் கூடியதாகக் கொள்ளச் சொல்கிறது.

அடுத்து ஐந்தாம் பகுதி. நோயின் பெயருக்கு நேராக மூன்று கட்டம்: பணியால் வந்ததா, பணியால் கூடியதா, தொடர்பில்லையா. பக்கத்தில் காரணம் எழுத இடம் விட்டிருக்கும். பெரும்பாலும் அங்கே ஒற்றை வரிதான் இருக்கும். அப்பீலில் அந்த ஒற்றை வரியைத்தான் உடைக்க வேண்டும். உணவா, உடல் பருமனா, குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா, எதையும் ஆராயாமல் “பீஸ் ஸ்டேஷன்” என்று மட்டும் எழுதினால் அது காரணம் ஆகாது. 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: சேரும்போது நோய் பற்றிய குறிப்பு இல்லையென்றால் ஆரோக்கியமாகவே சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும்; தொடர்பில்லை என்று நிரூபிப்பது அரசின் பொறுப்பு; போர்டு காரணம் எழுத வேண்டும். அது இந்தப் பென்ஷனுக்கான 1982 தகுதி விதிகளின் கீழ் வந்த தீர்ப்பு. மாமாவுக்குப் பொருந்துவது 2008 விதிகள். ஆனால் 2008 விதிகளின் கீழும் இதே கருத்தை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் கவாஸ் அனில் மட்சோ வழக்கில் எடுத்தது. அது சர்க்கரை நோய் வழக்கு, அதையும் மேற்கோள் காட்டுங்கள்.

ஒரு எச்சரிக்கை. 2008 விதிகளில், டிஸ்சார்ஜ் ஆகி 15 வருடம் கழித்துக் கேட்டால் நிரூபிக்கும் சுமை நம் தலையில் வந்துவிடும். மாமாவுக்கு இன்னும் காலம் இருக்கிறது. அதற்காக ஆறப்போட வேண்டாம்.

பதில்: அம்பை சுபேதார்

அண்ணாச்சி சொன்னதோடு இன்னொன்று. அதே ஐந்தாம் பகுதியில் சதவீதம் எழுதும் இடத்தில், மொத்த இயலாமை 30 என்றும், கடைசிக் கட்டத்தில் “பென்ஷனுக்குத் தகுதியானது: நில்” (Nil, அதாவது ஒன்றுமில்லை) என்றும் இருக்கும். அந்த ‘நில்’லைப் பார்த்துவிட்டு இயலாமையே இல்லை என்று நினைத்து விட்டுவிட்டவர்கள் நம் பக்கத்தில் நிறைய. தொடர்பில்லை என்று டிக் போட்டதால்தான் அங்கே நில். தொடர்பு ஏற்கப்பட்டால் அந்த 30 அப்படியே உயிர் பெறும்.

கால வரம்பு பற்றி. முதல் அப்பீல் ஆறு மாதத்துக்குள், அது தள்ளுபடி ஆனால் இரண்டாம் அப்பீல் மறுபடி ஆறு மாதத்துக்குள். இதுதான் விதி. தாமதம் ஆனதால் உரிமை செத்துவிடாது. முதல் அப்பீலைத் தாமதத்துக்கான காரணத்தோடு இப்போதே ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் வழியாகப் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். அனுப்பி ஆறு மாதம் பதில் இல்லையென்றால் காத்திருக்காமல் படைவீரர் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போகலாம். அந்தத் தீர்ப்பாயத்துக்கான 2007 சட்டத்தின் 21-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. தாமதத்தை மன்னிக்கத் தனி மனு 22-ஆம் பிரிவில். பென்ஷன் மாதாமாதம் வர வேண்டியது என்பதால் இதைத் தொடர் பாதிப்பாகப் பார்க்கிறார்கள். 2008-இல் தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, நிலுவை மட்டும் வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருடத்தோடு நின்றுவிடும். தள்ளிப்போடுகிற ஒவ்வொரு மாதமும் ஒரு மாத நிலுவை போகிறது என்பதை மாமாவிடம் சொல்லுங்கள்.

மனுவில் ரவுண்டிங் ஆஃப் (இயலாமை சதவீதத்தை அடுத்த படிக்கு உயர்த்துவது) கேட்க மறக்காதீர்கள். 50-க்குக் கீழ் இருந்தால் 50, 50 முதல் 75 வரை 75, அதற்கு மேல் 100. 2001 ஜனவரி 31 அரசுக் கடிதம் அது. முழு சர்வீஸ் முடித்து வந்தவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் தீர்ந்துவிட்டது. கணக்கு இப்படி: 100 சதவீதத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். கடைசிச் சம்பளம் 50,000 என்றால் 15,000. இயலாமை 30 என்றால் 4,500. 50 ஆக உயர்த்தினால் 7,500. இதற்கு மேல் அகவிலைப்படியும் உண்டு. மனுவில் கேட்காத நிவாரணத்தை ஆர்டரில் எதிர்பார்க்கக் கூடாது.

துணைக் கேள்வி: சேரன்மகாதேவி வாசகர்

எங்கள் சித்தப்பா காயத்தால் இன்வாலிடேட் ஆகி (உடல் தகுதி இல்லை என்று பணியிலிருந்து அனுப்பப்பட்டு) 1980-களில் வந்தவர். மெடிக்கல் போர்டு இயலாமை 40 சதவீதம் போட்டது. பென்ஷன் சாங்ஷன் செய்யும்போது 20 ஆக்கிவிட்டார்கள். மறுபடி போர்டு கேட்கலாமா?

பதில்: அம்பை சுபேதார்

அவசரப்பட்டுக் கேட்க வேண்டாம் தம்பி. நிரந்தர இயலாமை என்றால் போர்டு சொன்னது ஆயுளுக்கும். அவராகக் கேட்டால் மட்டுமே மறு ஆய்வு என்று 2001 பிப்ரவரி 7 கடிதம் சொல்கிறது. நாமே கேட்டுப் போய் 15 என்று எழுதிவிட்டால் இருப்பதும் போகும்.

உங்கள் சித்தப்பா விஷயத்தில் வேறு வழி இருக்கிறது. ஆளை நேரில் பார்த்த போர்டு 40 என்றது, பார்க்காத ஒருவர் ஃபைலில் 20 ஆக்கினார். 1993-இல் சாப்பர் மொகிந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் கூடாது என்றது: மறு பரிசோதனை செய்யாமல் மேலே இருப்பவர் போர்டின் மதிப்பீட்டை மாற்ற முடியாது. அந்த இன்வாலிடிங் போர்டு படிவத்தையும், குறைத்த குறிப்பையும் ஆர்.டி.ஐ.யில் வாங்குங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 40-ஐ மீட்டு 50 ஆக ரவுண்டிங் ஆஃப் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

பதில்: பாளை அண்ணாச்சி

எல்லா வழக்கும் ஜெயிக்காது, அதையும் சொல்லிவிட வேண்டும். 2019-இல் நர்சிங் யாதவ் வழக்கில், மனநோய் விஷயத்தில் போர்டின் கருத்துக்கே முதலிடம் என்று உச்ச நீதிமன்றம் மறுத்தது. குறிப்பு இல்லாமல் சேர்ந்தார் என்ற ஒன்றை மட்டும் நம்பி மனு எழுதினால் அரசுத் தரப்பு அந்தத் தீர்ப்பைத்தான் எடுத்து வைக்கும். அதனால்தான் இடப் பட்டியலும் ஃபீல்டு வருடங்களும் வேண்டும் என்கிறேன். 2023 செப்டம்பர் 21-க்குப் பிறகு வந்தவர்களுக்குப் புது விதிகள்; இங்கே சொன்னதை அப்படியே அவர்களுக்கு ஒட்டக் கூடாது.

களக்காடு தம்பிக்கு: திருநெல்வேலி முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மனுவைச் சரிபார்க்கவும் மேலனுப்பவும் உதவி கேளுங்கள். முடிவு எடுப்பது அவர்கள் இல்லை, ஆனால் அவர்கள் வழியாகப் போன கடிதத்துக்கு ஒரு பதிவு இருக்கும். வக்கீல் வைத்தால் ஃபீஸை முன்கூட்டியே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள், நிலுவையில் பங்கு என்று பேச வேண்டாம். ஆர்.டி.ஐ. பதில் வந்ததும் முதல் பகுதி அட்டவணையையும் ஐந்தாம் பகுதியையும் பெயர், நம்பர் மறைத்து இங்கே போடுங்கள். அப்பீலில் எந்த வரியை எப்படி எழுதுவது என்று பார்க்கலாம்.