புதுப்பிப்பு: இளையோர் ஆர்கெஸ்ட்ராவில் வயலின் பிள்ளையின் முதல் ஒத்திகை

பென்சில், ரோசின் (வில்லில் தேய்க்கும் பிசின்), மியூட் (ஒலியைத் தணிக்க வயலினில் மாட்டுவது), உபரியாக ஒரு ஈ கம்பி என்று ஒத்திகைக்குக் கொண்டுபோக வேண்டியவற்றின் பட்டியலை முன்பு கொடுத்திருந்தேன். அதில் விட்டுப்போனவை இவை.

ஓபோ என்னும் ஊதுகருவி தரும் ஏ சுரத்துக்கு (பெரும்பாலும் 440 ஹெர்ட்ஸ்) முதலில் ஏ கம்பியைச் சுருதி சேர்க்க வேண்டும், பிறகு டி, ஜி, ஈ. கர்நாடக வயலினும் கற்கும் பிள்ளையா? ஸ-ப-ஸ-ப சுருதியிலிருந்து அன்று காலை ஏற்றிய கம்பி ஒத்திகை நடுவே சுருதி இறங்கிவிடும். தனி வயலின் இருந்தால் நிம்மதி. இல்லையென்றால் முந்தைய நாளே சுருதியை மாற்றிவிடுங்கள்.

இசைத்தாள் வைக்கும் ஒரு ஸ்டாண்டுக்கு இருவர். உள்பக்கம் (அரங்கினருக்குத் தள்ளி) இருப்பவர் தாளைத் திருப்புவார், மற்றவர் வாசித்துக்கொண்டே இருப்பார். வில்லை மேலே இழுப்பதா கீழே இழுப்பதா என்று காட்டும் வில் குறிகள் முன் ஸ்டாண்டிலிருந்து வரும். பென்சிலால் மட்டுமே குறிக்க வேண்டும், தாள் திருப்பித் தர வேண்டியது.

பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது சுரத்தில் அல்ல, வாசிக்காமல் காத்திருக்கும் ஓய்வில். 4 எண்ணிக்கை கொண்ட பார்கள் (தாளில் கோடிட்டுப் பிரித்த தாளப் பகுதிகள்) 12 ஓய்வு என்றால் '1-2-3-4, 2-2-3-4, 3-2-3-4' என்று எண்ணட்டும். முதல் எண்தான் பார் கணக்கு. பாதம் தட்டி எண்ணக் கூடாது, பக்கத்தில் இருப்பவரையும் குழப்பும். இடம் தவறினால் வில்லை நிறுத்தி, தாளில் இடத்தைக் காட்டக் கட்டமிட்ட அடுத்த எழுத்தில் சேர்ந்துகொள்ளலாம்.

பிள்ளையை இரண்டாம் வயலின் பிரிவில் போட்டால் சண்டைக்குப் போகாதீர்கள். அங்கே மெட்டு பெரும்பாலும் கிடைக்காது, அதனால் எண்ணாமல் வாசிக்கவே முடியாது.