செவிக்கருவியில் 'புரோகிராம்': நிரலா, சூழலமைவா?

நண்பர்களுக்கு வணக்கம்.

> கணினியில் புரோகிராமுக்கு 'நிரல்' நிலைத்துவிட்டது. செவிக்கருவிக்கும் அதையே வைத்துக்கொள்ளலாமே?

வேண்டாம் என்றே நினைக்கிறேன். நிரல் என்றால் எழுதிவைத்த கட்டளைகள். செவித்திறனைச் சோதித்துக் கருவியை அமைத்துத் தரும் ஆடியாலஜிஸ்ட் அப்படி எதையும் எழுதுவதில்லை. எந்த அதிர்வெண்ணை எவ்வளவு கூட்டுவது, இரைச்சலை எவ்வளவு அமுக்குவது, மைக் எந்தப் பக்கம் கேட்பது என்று அளவுகளைக் குறித்து, ஒரு தொகுப்பாகச் சேமித்துத் தருகிறார். வீட்டுக்கு ஒன்று, கூட்டத்துக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று.

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பின்னால் எவர்சில்வர் வாளிகளின் சத்தம், அதற்கும் பின்னால் மேளம். இலைக்கு எதிரே நின்று பாயசம் வேண்டுமா என்று கேட்டவரைப் பார்த்து அம்மா சும்மா தலையாட்டினார். அப்புறம் காதுக்குப் பின்னால் விரலை வைத்துப் பொத்தானை அழுத்தினார். இரண்டு பீப் கேட்டதாகச் சொன்னார், கருவி இரண்டாம் தொகுப்புக்கு மாறிவிட்டது என்று அர்த்தம். அந்தத் தொகுப்பில் கருவியின் முன் மைக்கும் பின் மைக்கும் சேர்ந்து வேலை செய்யும். பின்னாலிருந்து வரும் ஒலி பின் மைக்கை ஒரு கணம் முந்தித் தொடும். அந்த நேர வேறுபாட்டை வைத்துப் பின்பக்க ஒலியைக் கருவி குறைத்துவிடும். "பாதி போதும்ப்பா" என்று இந்தத் தடவை வாய்விட்டே பதில் சொன்னார் அம்மா.

அதை அவர் புரோகிராம் என்று சொல்வதே இல்லை. "கல்யாணத்துக்கு வைக்கிறது" என்பார். இடத்தைத்தான் சொல்கிறார். அதனால்தான் 'சூழலமைவு' என்று முன்வைக்கிறேன். முன்சொல்லை மட்டும் மாற்றினால் வீட்டமைவு, பந்தியமைவு, சாலையமைவு என்று தானாகப் பெருகும்.

'கேட்புமுறை' என்று இன்னொருவர் எழுதியிருந்தார். நல்ல சொல்தான், ஆனால் "இரண்டாம் முறைக்கு மாற்றவும்" என்று கையேட்டில் போட்டால், இரண்டாவது தடவை மாற்றச் சொல்கிறார்கள் என்றல்லவா படிப்பார்கள்? எழுபது வயதுக்காரர் தனியாக உட்கார்ந்து படிக்கிற கையேடு அது.

என் சொல்லிலும் ஓர் இடத்தில் இடறுகிறது. 'இசையமைவு' என்றால் மெட்டுப் போடுவது நினைவுக்கு வரும். 'பாட்டமைவு' என்றால் சரியாகிவிடும். இதற்குத் தனி அமைவு கட்டாயம் வேண்டும். புல்லாங்குழலில் நீண்டு நிற்கும் சுரத்தைத் தன் சொந்தக் கீச்சொலி (கருவியின் ஒலி அதன் மைக்குக்கே திரும்பிப் போவதால் எழுவது) என்று நினைத்துக் கருவி அடக்கப் பார்க்கும். பாட்டமைவில் அப்படி அடக்குவதைத் தளர்த்தி வைப்பார்கள்.

மிச்சம் இருப்பது டெலிகாயில். மைக்கை மூடிவிட்டு, அரங்கில் சுற்றிப் போட்ட கம்பி வளையம் காந்தப்புலமாக அனுப்பும் ஒலியைக் கருவிக்குள் இருக்கும் ஒரு சிறு சுருள் வாங்கிக்கொள்கிறது. இது சூழலைக் குறிக்காமல் ஒலி வரும் வழியைக் குறிப்பதால், 'சுருளமைவு' என்று வைக்கலாமா, இல்லை தனிச்சொல் தேடவேண்டுமா? கருவி போட்டிருப்பவர்கள் வீட்டில் எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.