தூக்குத் தண்டனை மேல்முறையீடுகள்: உச்ச நீதிமன்றத்தின் அளவுகோல் ஒன்றா, ஆளுக்கொன்றா?

கருவேலன்:
"அரிதினும் அரிதான வழக்கு"க்கு மட்டுமே தூக்கு என்று 1980-இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரையறுத்ததே, அது நடைமுறையில் எந்த அமர்வுக்கு வழக்கு போகிறது என்பதைப் பொறுத்ததாகத்தான் ஆனது. ஹர்பன்ஸ் சிங் வழக்கைப் பாருங்கள். ஒரே கொலை வழக்கு, ஒரே அளவு பங்கு, மூன்று பேர். ஒருவரை 1981 அக்டோபரில் தூக்கிலிட்டுவிட்டார்கள், இன்னொருவருக்கு வேறு அமர்வு ஆயுளாகக் குறைத்தது, ஹர்பன்ஸ் கடைசி நேரத்தில் தடை வாங்கித் தப்பினார். இதற்குப் பெயர் நீதியா?

வழக்காடி:
கருவேலன், அந்த முரணை 1982-இல் சுட்டிக்காட்டியதும் அதே நீதிமன்றம்தான். 1955 வரை கொலைக்குத் தூக்கு கொடுக்காவிட்டால்தான் காரணம் எழுத வேண்டும். 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டம் அதைத் தலைகீழாக்கித் தூக்குக்குச் சிறப்புக் காரணம் கேட்டது. ஆயுள் கைதி கொலை செய்தால் கட்டாயத் தூக்கு என்ற இந்திய தண்டனைச் சட்டப் பிரிவு 303-ஐ 1983-இல் மித்து வழக்கில் ரத்து செய்தார்கள். 2014-இல் இருந்து தூக்கு வழக்குகளில், தன் தீர்ப்பையே மீண்டும் பார்க்கக் கோரும் மறுசீராய்வு மனுவைக்கூடத் திறந்த நீதிமன்றத்தில் கேட்கிறார்கள். கொடூரமாகக் கொல்லப்பட்டவர்களின் குடும்பத்துக்கும் சட்டம் பதில் சொல்ல வேண்டும், அதனால் தண்டனையை அடியோடு எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

கருவேலன்:
சரி, மறுசீராய்வையே எடுத்துக்கொள்வோம். மகாராஷ்டிர வழக்கு ஒன்றில் ஆறு பேரில் மூவருக்கு உயர் நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்திருந்ததை 2009-இல் உச்ச நீதிமன்றமே தூக்காக உயர்த்தி ஆறு பேருக்கும் தூக்கு என்றது, 2019-இல் ஆறு பேரும் குற்றமற்றவர்கள் என்று விடுதலை செய்தது. இடையில் தண்டனையை நிறைவேற்றியிருந்தால் யாரிடம் போய்த் திருத்துவது? கொல்லப்பட்டவர்களின் குடும்பத்துக்கும் உண்மைக் குற்றவாளி கிடைக்கவில்லையே.

வழக்காடி:
2019 தீர்ப்பு என்னையும் உலுக்கியதுதான். ஆனால் மறுசீராய்வு இருந்ததால்தானே அவர்கள் வெளியே வந்தார்கள்?

தமிழினி:
ராஜீவ் கொலை வழக்கை யாரும் சொல்லவில்லை. 1998-இல் 26 பேருக்கும் தூக்கு. அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்து, மூவருக்கு ஆயுளாக்கி, நால்வருக்கு மட்டும் தூக்கை உறுதிசெய்தது. அதில் மூவருக்கு, கருணை மனு 11 ஆண்டுகள் கிடப்பில் கிடந்ததற்காக 2014-இல் தூக்கு ரத்தானது. அப்புறம், 2002-இல் டெல்லி குண்டுவெடிப்பு தொடர்பான புல்லர் வழக்கில் மூன்று நீதிபதிகளில் ஒருவர் விடுதலை என்றே எழுதினார், மற்ற இருவர் தூக்கு என்றார்கள், அப்போது தூக்குதான் நின்றது. ஒரு நீதிபதிக்கே குற்றம் நிரூபணமாகவில்லை என்றால் அங்கே தூக்குக்கு இடமே இருக்கக் கூடாது. வழக்காடி, தண்டனை இருக்கட்டும் என்கிறீர்கள், குறைந்தபட்சம் ஒருமித்த தீர்ப்பு வேண்டும் என்பதையாவது ஏற்பீர்களா?

வழக்காடி:
அதை ஏற்கிறேன். ஐந்து நீதிபதி அமர்வு வேண்டும் என்று சட்ட ஆணையம் 2003-லேயே சொன்னது, அதையும் சேர்த்துக் கேட்போம்.