முன்கண்ணாடி ஓரம் தண்ணீர் இறங்கிய வண்டிக்காரர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நாகமலை அடிவாரம்:
ஐப்பசி மழை. உசிலம்பட்டியில் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது செக்கானூரணி பக்கம் பிடித்துக்கொண்டது. முன்சீட்டில் அம்மா. வேகத்தடையில் பிரேக்கை மிதித்தேன், டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் அப்படியே அம்மா காலில் கொட்டியது. "ஏப்பா, வண்டிக்குள்ள குழாய் கிழாய் ஓடுதா?" என்று காலைத் தூக்கி வைத்தவர், வீடு வரும்வரை இறக்கவே இல்லை. பட்டுச்சேலையின் கரை முழுக்க சேற்று நிறம். அதுதான் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. மறுநாள் வெளிச்சத்தில் கண்ணாடியைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தேன், ஒரு பிளவும் தெரியவில்லை. ஏழு வருட ஹேட்ச்பேக், அடிபடாத வண்டி. இப்படி ஆனவர்கள் ஓட்டையை எங்கே கண்டுபிடித்தீர்கள்?

மேலூர் ஆம்னி:
எங்களுடையது பழைய ஆம்னி. அதில் கண்ணாடி, சுற்றி வரும் ரப்பர் பட்டையில், அதாவது பீடிங்கில்தான் உட்கார்ந்திருக்கும். வெயிலில் பீடிங் காய்ந்து சுருங்கி, கீழ் மூலையில் நகம் போகிற அளவு வாய் பிளந்துவிட்டது. டிங்கர் வேலை பார்த்த சித்தப்பா வந்து வாசலிலேயே முடித்தார். புது பீடிங்கைக் கண்ணாடியில் மாட்டி, உள்பக்கப் பள்ளம் முழுக்க நைலான் கயிற்றைச் சுற்றி, இரண்டு முனையையும் கீழே நடுவில் விட்டு, சோப்புத் தண்ணீர் தடவினார். வெளியே நின்று நான் உள்ளங்கையால் அழுத்தினேன், அவர் உள்ளே உட்கார்ந்து கயிற்றை இழுத்தார். இழுக்க இழுக்க ரப்பர் உதடு தகரத்தின் மேல் டப் டப் என்று ஏறி உட்கார்ந்தது பாருங்கள், அந்தச் சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது. அதற்கப்புறம் எந்த மழைக்கும் சொட்டு இறங்கவில்லை.

சிம்மக்கல்:
இவ்வளவு பாடு எதற்கு? ஹார்டுவேர் கடையில் பாத்ரூமுக்குப் போடுகிற சிலிக்கான் ட்யூப் ஒன்று வாங்கி, அதைப் பிதுக்குகிற துப்பாக்கியில் மாட்டி, கண்ணாடி ஓரம் ஒரே கோடாக இழுத்துவிட்டேன். மாட்டுத்தாவணியில் தண்ணீர் முழங்கால் அளவு நின்ற அன்றும் உள்ளே சொட்டு இல்லை. மூன்று மணி நேர வேலைதான்.

கண்ணாடி வேலைக்காரன்:
சிம்மக்கல் அண்ணே, மன்னிக்கணும், இதை மட்டும் யாருக்கும் சொல்லாதீங்க. என் தொழிலே கண்ணாடி மாட்டுவதுதான். போன ஆடியில் ஒரு வண்டி வந்தது, ஓரமெல்லாம் சிலிக்கான். கண்ணாடியை அறுத்து எடுத்ததும் கீழ்விளிம்புத் தகரம் அப்பளமாக நொறுங்கி டேஷ்போர்டு மேல் விழுந்தது. வண்டிக்காரர் ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு பேசாமல் நின்றார். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

வினிகர் வாடை அடிக்கிற சிலிக்கான் காயும்போது அமிலத்தை விடும். பெயின்ட் போன இடத்தில் தகரத்தை அரிக்கும். மேலே அடைத்துவிட்டால் உள்ளே புகுந்த தண்ணீர் வெளியே வர வழியும் கிடையாது. அதைவிட மோசம், சிலிக்கான் பட்ட இடத்தில் அப்புறம் யூரித்தேன் பசை பிடிக்கவே பிடிக்காது. இப்போது வரும் கார்களில் கண்ணாடியை உடம்போடு பிடித்து வைத்திருப்பதே அந்தப் பசைதான். வண்டி உருண்டால் கூரை நசுங்காமல் தாங்குவதில் கண்ணாடிக்கும் பங்கு உண்டு. பல வண்டிகளில் இடதுபக்க ஏர்பேக் விரியும்போது சாய்வது கண்ணாடி மேல்தான். கண்ணாடி கழன்றால் அது யாரைக் காப்பாற்றும்? ஆம்னி மாதிரி பீடிங் வண்டி வேறு, ஒட்டிய கண்ணாடி வேறு. பீடிங் வண்டியிலும் இறுகாத சீலன்ட்டைத்தான் (அடைப்புப் பசை) ரப்பர் உதட்டுக்கு அடியில் விட வேண்டும்.

சிம்மக்கல்:
தம்பி, தொழில் தெரிந்தவர் சொல்கிறீர்கள், மறுக்கவில்லை. ஆனால் என் சிலிக்கானில் அந்த வாடையே இல்லை. எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

கண்ணாடி வேலைக்காரன்:
வாடை இல்லாதது தகரத்தை அரிக்காது, சரி. பசை பிடிக்காது என்பது அதற்கும் பொருந்தும் அண்ணே.

புளியமரத்து நிழல்:
நாகமலை நண்பரே, உங்கள் வண்டியில் கண்ணாடியே காரணம் இல்லை என்று நினைக்கிறேன். பிரேக் போட்டதும் கொட்டியது என்றால் தண்ணீர் எங்கோ தேங்கி நின்றிருக்கிறது. ஒத்தக்கடையில் எங்கள் வாசல் வேப்பமரத்தடியில்தான் வண்டி நிற்கும், எனக்கும் இதே கதைதான். வைப்பருக்குக் கீழே இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் சருகும் வேப்பம்பூவும் மண்ணும் கைப்பிடி கைப்பிடியாக வந்தது. வடிகால் துளையில் கம்பியை விட்டதும் கட்டியிருந்த கறுப்புத் தண்ணீர் சக்கரத்துக்குப் பின்னால் குபுகுபுவென்று ஓடியது. அந்தத் துளை அடைத்தால் தண்ணீர் ஏறி, ஏசிக்கு வெளிக்காற்று இழுக்கிற வாய் வழியாகக் கிளீனர் சைடில், அதாவது இடதுபக்க முன்சீட்டுக் காலடியில் இறங்கும்.

முதலில் இதைப் பிரித்துப் பாருங்கள். மழையே இல்லாத நாளில் ஏசி ஓடும்போது கால்மாடு நனைந்தால் ஏசி தண்ணீர் போகிற குழாய் அடைப்பு. இனிப்பு வாடையோடு பிசுபிசுவென்று இருந்தால் அது இன்ஜினைக் குளிர்விக்கிற கூலன்ட், உடனே மெக்கானிக்கிடம் போங்கள். மழையில் மட்டும் என்றால் மூடிக்கு அடியில் சுத்தம் செய்துவிட்டு, ஒருவரை டார்ச்சோடு உள்ளே உட்கார வைத்து, தோட்டத்துக் குழாயால் கீழிருந்து மேலாகத் தண்ணீர் விடுங்கள். முதலில் வைப்பர் பக்கம், கொஞ்ச நேரம் பொறுத்து கண்ணாடியின் கீழ் ஓரம், அப்புறம் பக்கவாட்டு, கடைசியாகக் கூரை. மேலிருந்து ஆரம்பித்தால் எல்லா இடமும் நனைந்து ஒன்றும் புரியாது. பிரஷர் வாஷ் வேண்டாம், நல்ல சீலிலும் அது புகும். உள்ளே கண்ணாடியின் இரு பக்கமும் இருக்கும் தூணின் (பில்லர்) கவரைக் கழற்றிவிட்டு முகப்பவுடர் தூவினால் தண்ணீர் வந்த தடம் கோடாகத் தெரியும். ஏர்பேக் என்று எழுதிய பில்லரை மட்டும் நீங்களாகத் தொடாதீர்கள். கால்மிதியில் ஈரம் கண்ட இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நம்பாதீர்கள், தகர மடிப்பு வழியாகத் தண்ணீர் வெகுதூரம் ஓடும்.

மேலூர் ஆம்னி:
அவர் கேட்டது ஒரு வரி, நீங்கள் சொல்வது ஒரு புத்தகம். ஆனாலும் குழாய் விஷயம் சரிதான், சித்தப்பாவும் கீழிருந்துதான் விடச் சொல்வார்.

வாடிப்பட்டி டிரைவர்:
ஒழுகலை நிறுத்தியதோடு யாரும் விட்டுவிடாதீர்கள். மேல் கார்பெட் காய்ந்து தெரியும், அடியில் இருக்கிற பஞ்சு தண்ணீரைக் குடித்துக்கொண்டு கிடக்கும். நான் ஓட்டிய டிராவல்ஸ் வண்டியில் அப்படித்தான், சித்திரை வெயிலிலும் கண்ணாடி உள்பக்கம் ஆவி பிடித்தது. ஒரு நாள் கொடைரோடு தாண்டி நடுரோட்டில் ஹார்ன் தானாக அடிக்க ஆரம்பித்து நிற்கவே இல்லை. பின்னால் தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகள் அலறி எழுந்தார்கள். கார்பெட்டைத் தூக்கிப் பார்த்தால் வயர் சாக்கெட் பச்சை பூத்துக் கிடந்தது. சீட்டைக் கழற்றி கார்பெட்டை எடுத்து மொட்டை மாடியில் போடுங்கள். அதற்கு முன் பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள், சீட்டுக்கு அடியிலும் ஏர்பேக் வயர் இருக்கும்.