'கிடியன் த நைன்த்' எனக்கு மட்டும்தான் இவ்ளோ புடிச்சிருக்கா?

கேள்வி:
டாம்சின் ம்யூர் எழுதுன இந்த நாவல (2019) நேத்து ராத்திரி முடிச்சேன், இன்னும் அதுலேந்து வெளிய வர முடியல. ரிவ்யூ பாத்தா கொஞ்ச பேர் தலைல தூக்கி வெச்சு கொண்டாடுறாங்க, மத்தவங்க ஆரம்பத்துலயே மூடி வெச்சிட்டேன்றாங்க. எலும்புக்கூடும் கல்லறையுமா இருக்கற உலகத்துல ஹீரோயின் கிடியன் மட்டும் இன்னைக்கு நெட்ல பேசற மாதிரி நக்கலும் கெட்ட வார்த்தையுமா திரியறா, ஒட்டவே இல்லைன்னு சொல்றாங்க. எனக்கு அதுதான் புடிச்சதே! அவள ஆசையா கூப்பிட ஒரு ஆள் கிடையாது அங்க, வாளும் வாயும்தான் அவளுக்குன்னு இருக்கு, அந்த வாயையும் அடக்கிட்டா அப்புறம் அவ யாரு? உங்களுக்கு எப்படி இருந்துச்சு, அடுத்த பார்ட் படிக்கலாமா?

பதில் 1:
நான் பாதில விட்டேன். ஒரு சாவு நடக்குது, மனசு கனக்கற நேரத்துல ஒரு ஜோக் வந்து விழுது, அந்த பயம் அப்படியே போயிடுது. அதோட பேருங்க. ஒரே ஆளுக்கு சொந்தப் பேரு, ஹவுஸ் (அவங்க சேர்ந்த குலம்) பேரு, கிடியன் வெச்ச பட்டப்பேருன்னு மூணு, யார் செத்தாங்கன்னே புரியல எனக்கு.

பதில் 2:
பேருக்கு வழி இருக்குங்க, முன்பக்கத்துலயே கேரக்டர் லிஸ்ட் இருக்கு, அத திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டே படிங்க. ஜோக் விஷயத்துல நான் கேள்வி கேட்டவங்க பக்கம். கதை 'நான்'னு போகல, 'அவ'ன்னுதான் போகுது, ஆனா அவளுக்கு எது போரடிக்குதோ அத கதையும் கண்டுக்காம தாண்டிடுது, மந்திரம் பத்தி யாராவது விளக்குனா பாதிதான் நம்ம காதுல விழும். க்ளூ எல்லாம் அந்த தாண்டிப் போன இடத்துலதான் கெடக்கு, ரெண்டாவது தடவ படிக்கறப்ப தெரியும். கூடவே வளர்ந்த எதிரி ஹாரோகிட்ட கிடியன் ரொம்ப எகிறுற எடமெல்லாம் கவனிங்க, அங்கதான் அவளுக்கு ரொம்ப வலிக்குது.

பதில் 3:
தாராளமா படிங்க. ஆனா 'ஹாரோ த நைன்த்' (2020) இதே குரல்ல இருக்கும்னு நெனச்சு போகாதீங்க, பெரும்பகுதி 'நீ'ன்னு கூப்பிட்டு போற கதை, ரொம்ப நேரம் ஒண்ணும் புரியாது, முதல் புக்ல நடந்ததே வேற மாதிரி வரும். விட்டுடாதீங்க, ஏன் 'நீ'ன்னு தெரியற எடத்துல நான் புக்க கீழ வெச்சிட்டு அழுதேன். கண்ணால படிக்க கஷ்டமா இருந்தா மொய்ரா க்வெர்க் வாசிச்ச ஆடியோ புக் கேளுங்க, ஒவ்வொரு ஆளுக்கும் தனிக் குரல் குடுத்திருக்காங்க, பேரு குழப்பம் பெருசா இருக்காது.